பெரியப்பாவும் அங்கிள், மாமாவும் அங்கிள்: தோட்டப் பிள்ளைகளுக்கு உறவுச் சொற்கள் கற்பித்த அனுபவம்

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். குடும்பம் பற்றிய பாடம் சின்ன வகுப்பிலேயே வந்துவிடுகிறது. ஃபாதர், மதர், பிரதர், சிஸ்டர் என்று பிள்ளைகள் ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். சரி, இது முடிந்தது, அடுத்ததுக்குப் போவோம் என்று ஆசிரியருக்கும் தோன்றிவிடும். அதே பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்கு நிற்கும் வயதில் 'மை பிக் ஃபாதர்', 'மை ஸ்மோல் மதர்' என்று எழுதுவார்கள். அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர்கள் தவிர வீட்டில் இருக்கும் வேறு யாரையும் அவர்களால் ஆங்கிலத்தில் சொல்ல முடியாது. இந்தப் பாடத்துக்கு நாம் கொடுக்கும் நேரம் போதவே போதாது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் பிள்ளைகள் உறவு முறையில் கெட்டிக்காரர்கள். மேல் லயத்திலிருந்து (லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) யாரோ ஒருவர் வந்து நின்றால், அவர் மாமா முறையா, சித்தப்பா முறையா என்று ஆறு வயதுப் பிள்ளை சொல்லிவிடும். அப்பாவைப் பெற்றவளை ஒரு வீட்டில் அப்பாயி என்பார்கள், பக்கத்துக் காம்பராவில் (லயத்து அறையில்) அப்பத்தா என்பார்கள், அடுத்த வீட்டில் பாட்டி. பாட்டன் பூட்டன் திருச்சிப் பக்கமிருந்து வந்தார்களா, சேலமா, மதுரையா, புதுக்கோட்டையா என்பதைப் பொறுத்து வீட்டுக்கு வீடு மாறும். இவ்வளவையும் தலையில் வைத்திருக்கிற பிள்ளைதான் 'அங்கிள்' என்ற ஒரே சொல்லின் முன்னால் முழிக்கிறது. அறிவு குறைந்து முழிப்பதில்லை. தனக்குத் தெரிந்ததை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் எப்படிப் போடுவது என்று தெரியாமல்தான் முழிக்கிறது.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி சொல்வதுண்டு. உலகத்து உறவுமுறைகளைத் தொகுத்து 1871இல் வெளியிட்ட லூயிஸ் ஹென்றி மோர்கன் என்ற அமெரிக்க அறிஞர், தமிழர் உறவுமுறை வட அமெரிக்கப் பழங்குடிகளான இரொக்வோய் மக்களின் முறையோடு பெரிதும் ஒத்துப்போவதை எடுத்துக்காட்டினார். தங்கள் வீட்டுப் பேச்சை ஓர் அறிஞர் உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார் என்று கேட்டதும் பிள்ளைகளின் முதுகு கொஞ்சம் நிமிரும். 'பிக் ஃபாதர்' என்று எழுதியதற்காக வகுப்பில் சிரிக்கக் கூடாது என்று நான் கண்டிப்பாக இருப்பதும் இதனால்தான். அது தவறான ஆங்கிலம். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு சரி.

சரி, அங்கிளுக்கு வருவோம். அப்பாவின் அண்ணன், அப்பாவின் தம்பி, அம்மாவின் அண்ணன், அம்மாவின் தம்பி, அத்தையைக் கட்டியவர், சித்தியைக் கட்டியவர், எல்லாரும் அங்கிள். இதைக் கரும்பலகையில் எழுதியதும் ஒரு பையன் கேட்டான்: "அப்போ இங்கிலீஷ்காரங்களுக்கு யாரு யாரைக் கட்டிக்கலாம்னு எப்படி டீச்சர் தெரியும்?" வகுப்பே சிரித்தது. ஆனால் கேள்வி சரியான இடத்தில் விழுந்த கேள்வி. நம் சொற்களுக்குள்ளேயே கட்டிக்கொள்ளும் முறை, கட்டிக்கொள்ளக் கூடாத முறை இரண்டும் அடங்கியிருக்கின்றன. பெரியப்பா பிள்ளைகள் அண்ணன் தங்கச்சி. மாமா பிள்ளைகள் மச்சான், முறைப்பொண்ணு. ஆங்கிலத்தில் எல்லாரும் கசின். அங்கே மாமன் மகள் என்ற உரிமைப் பேச்சு கிடையாது, அதனால் சொல்லிலும் அதைப் பிரிக்கவில்லை என்று சொன்னேன். அதோடு விடாமல், பிரித்துச் சொல்ல வேண்டி வந்தால் எப்படிச் சொல்வது என்பதையும் உடனே கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை பழையபடி 'பிக் ஃபாதரு'க்கே திரும்பிப் போகும்.

அதற்கு நான் பிடித்துக்கொண்ட வழி, சங்கிலி போடுவது. பெரியப்பா என்றால் 'மை ஃபாதர்ஸ் எல்டர் பிரதர்'. தாய்மாமா என்றால் 'மை மதர்ஸ் பிரதர்'. அத்தை மகன் என்றால் 'மை ஃபாதர்ஸ் சிஸ்டர்ஸ் சன்'. நான் தமிழில் ஒரு முறையைச் சொல்வேன், வரிசையில் முதல் பிள்ளை 'மை' என்று தொடங்க, அடுத்த பிள்ளை ஒரு கண்ணியைப் போட, கடைசிப் பிள்ளை முடிப்பான். சகலை, சம்பந்தி வரைக்கும் போய்விடுவார்கள். உடைமையைக் காட்டும் அந்த 'எஸ்' எழுத்தை இலக்கணப் பாடமாக நடத்தினால் கொட்டாவி விடுகிற வகுப்பு, இந்த விளையாட்டில் அதைத் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

அதே நேரத்தில், ஆங்கிலம் பேசுகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் இப்படி நீட்டி முழக்குவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதல் தடவை வேண்டுமானால் ஒரு முறை விளக்கலாம். அப்புறம் 'மை அங்கிள்' போதும், அதற்கு அப்புறம் 'ஹி'. எந்த அங்கிள் என்பது கதைக்குத் தேவையில்லையென்றால் விளக்கவே வேண்டாம். மூத்தவர், இளையவர் என்பதும் அப்படியே. அண்ணனா தம்பியா என்று சொல்லாமல் நமக்கு ஒரு வாக்கியமும் ஓடாது. ஆங்கிலத்தில் 'மை பிரதர்' என்று விட்டுவிட்டால் யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

கசின் மட்டும் லேசில் இறங்காது. ஒரு மாணவி எழுந்து நின்று, "அவன் எனக்குக் கசின் இல்ல டீச்சர். அண்ணன்" என்றாள். பெரியப்பா மகன். ஒரே இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) படுத்து எழும்பி, ஒரே தட்டில் சோறு தின்று வளர்ந்தவர்கள். அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. கசின் என்று எழுதினால் அவனைத் தூரத்தில் தள்ளி வைப்பது மாதிரி இருக்கிறது அவளுக்கு. நான் அவளுக்கு ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தேன்: 'ஹி இஸ் மை கசின், பட் வி க்ரூ அப் டுகெதர். ஹி இஸ் லைக் எ பிரதர் டு மீ.' அவள் அதைக் கொப்பியில் எழுதிக் கீழே கோடு போட்டுக்கொண்டாள். சொல் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் போகட்டும், மிச்சத்தை வாக்கியம் தாங்கட்டும் என்று அன்றிலிருந்து எல்லா வகுப்பிலும் இந்த வாக்கியத்தைச் சேர்த்தே கொடுக்கிறேன். 'கசின் பிரதர்', 'கசின் சிஸ்டர்' என்று இலங்கையிலும் இந்தியாவிலும் தாராளமாகப் பேசுகிறோம். பேச்சில் அதைத் திருத்துவதில்லை. பரீட்சைத் தாளிலும் வெளியூருக்கு எழுதும் கடிதத்திலும் 'கசின்' மட்டும் போதும். ஆணா பெண்ணா என்பது அடுத்த வாக்கியத்து 'ஹி'யிலோ 'ஷி'யிலோ தெரிந்துவிடும்.

குடும்ப மரம் வரையும் பயிற்சியை எங்கள் வகுப்பில் நான் முதலில் கொடுப்பதில்லை. அதற்குப் பதில் லயத்தை வரையச் சொல்வேன். நீளமாக ஒரு கூரை, கீழே வரிசையாகக் காம்பராக்கள், முன்னால் இஸ்தோப்பு. எந்தக் காம்பராவில் யார் என்று பிள்ளை தமிழில் எழுதும், பிறகு ஆங்கிலத்தில் மாற்றும். 'மை அங்கிள் லிவ்ஸ் நெக்ஸ்ட் டோர்.' 'மை கிராண்ட்மதர் லிவ்ஸ் இன் த லாஸ்ட் ரூம்.' கல்யாணம் முடித்த அண்ணன் பின்பக்கத்தில் பலகை அடித்து ஒரு துண்டு இறக்கியிருந்தால் அதுவும் படத்தில் வரும், 'பிஹைண்ட்' என்ற சொல்லோடு. இரட்டை லயத்துப் பிள்ளைக்கு 'ஆன் த அதர் சைட்' தேவைப்படும். 7 பேர்ச் காணியில் கட்டிய தனி வீட்டுக்குப் போன பிள்ளைகள் பாதையைப் போட்டு வீடுகளை வரைவார்கள். ஒரே படத்தில் உறவுச் சொல்லும் இடச் சொல்லும் வந்துவிடும். முக்கியமாக, பாடப் புத்தகப் படத்தில் சோபாவில் உட்கார்ந்திருக்கும் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் குடும்பத்தோடு தன் குடும்பத்தை ஒப்பிட்டுப் பார்த்து ஒரு பிள்ளையும் கூசாது.

இந்தக் கூச்சத்தைச் சும்மா விடக் கூடாது. எங்கள் வகுப்புகளில் அம்மா சவூதியிலோ குவைத்திலோ வீட்டு வேலைக்குப் போயிருப்பார், அப்பா கொழும்பில் கடையில் நிற்பார், பிள்ளை அம்மாயியிடம் வளரும். 'வட் டஸ் யுவர் மதர் டூ?' என்று வரிசையாக எழுப்பிக் கேட்கும் ஆசிரியர், சில பிள்ளைகளை எல்லாருக்கும் முன்னால் அழ வைத்துவிடுவார். நான் கேட்பது 'ஹூ டு யூ லிவ் வித்?' என்பதுதான். 'ஐ லிவ் வித் மை கிராண்ட்மதர்' என்பது முழுமையான, கம்பீரமான வாக்கியம். அம்மாவைப் பற்றிச் சொல்ல விரும்பும் பிள்ளைக்கு 'மை மதர் வர்க்ஸ் அப்ரோட்' இருக்கிறது. அப்பா தவறிப்போன பிள்ளைக்கு 'மை ஃபாதர் பாஸ்ட் அவே' என்பதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக் கொடுப்பேன். எழுதுவதும் விடுவதும் பிள்ளையின் விருப்பம்.

தொழிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலையில் பிரட்டுக்கு (வேலைக்குப் பேர் பதியும் இடத்துக்கு) ஓடி மாலை வரை மலையில் கொழுந்தெடுக்கும் அம்மாவை 'ஹவுஸ்வைஃப்' என்று எழுதும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நெஞ்சு பொறுக்கவில்லை. 'மை மதர் இஸ் எ டீ பிளக்கர்' என்று என் வகுப்பில் நானே முதலில் உரக்கச் சொல்லி, பலகையில் பெரிதாக எழுதுவேன். கவ்வாத்து வெட்டும் அப்பா, தொழிற்சாலையில் நிற்கும் மாமா, பிள்ளை மடுவத்தில் (குழந்தைகள் காப்பகத்தில்) வேலை பார்க்கும் சித்தி எல்லாருக்கும் வாக்கியம் உண்டு. பேர் தெரியாத வேலைக்கு 'வர்க்ஸ் ஆன் த எஸ்டேட்' என்று தொடங்கலாம்.

இன்னும் இரண்டு சிக்கல்கள் பிள்ளைகளின் கொப்பியில் ஓயாமல் வரும். ஒன்று, 'அவர் மதர்' (our mother). வீட்டுக்கு ஒரே பிள்ளையும் 'எங்க அம்மா' என்றுதான் சொல்லும், அப்படியே ஆங்கிலத்துக்கும் கொண்டுபோகும். கூடப்பிறந்தவர்களோடு சேர்ந்து நின்று பேசினால் ஒழிய 'மை மதர்' என்று பழக்க வேண்டும். மற்றது, மரியாதைப் பன்மை. 'அப்பா வந்தாங்க' என்ற மனக்கணக்கில் 'மை ஃபாதர் ஆர் கமிங், தே ஆர் டயர்ட்' என்று எழுதுவார்கள். 'அவங்க' என்பதில் ஆண் பெண் தெரியாததால் அம்மாவுக்கு 'ஹி' போடுவதும் உண்டு. 'ஹி' என்று எழுதினால் அப்பாவை 'அவன்' என்று சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்ற தயக்கமும் சில பிள்ளைகளுக்கு இருக்கிறது. அந்தத் தயக்கத்தை வாய்விட்டுப் பேசிவிட வேண்டும்: ஆங்கிலத்தில் அரசனுக்கும் 'ஹி'தான், ஆட்டிடையனுக்கும் 'ஹி'தான், அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

உச்சரிப்பில் அதிகம் நிற்க மாட்டேன். 'கசின்' சொல்லில் நடுவில் வரும் ஒலி அதிர வேண்டும், தேனீ ரீங்காரம் போல. குளவியை உதாரணம் காட்டாதீர்கள். குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போன அம்மாக்களின் பிள்ளைகள் அதே வகுப்பில் இருப்பார்கள். 'டோட்டர்' என்பதில் நடுவே இரண்டு எழுத்துகள் ஊமை என்று காட்டினால் போதும்.

இனி நேரில் கூப்பிடுவதற்கு வருவோம். இதைத் தனிப் பாடமாகவே எடுக்க வேண்டும். தமிழில் ஒருவரைப் பற்றிச் சொல்லும் சொல்லும் அவரைக் கூப்பிடும் சொல்லும் பெரும்பாலும் ஒன்றுதான்: அண்ணன் என்று சொல்கிறோம், அண்ணே என்று கூப்பிடுகிறோம். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. 'பிரதர்', 'கசின்', 'நெஃப்யூ' எல்லாம் சொல்லிக் காட்ட மட்டும். கூப்பிடுவது பெயர் சொல்லித்தான். மம், டாட், கிராண்ட்மா, கிராண்ட்பா கூப்பிட ஆகும். அங்கிள், ஆன்டிக்குப் பின்னால் பெயர் சேர்ப்பதும் வழக்கம். நான் பலகையை நடுவே கோடு கிழித்து ஒரு பக்கம் 'சொல்ல', மறுபக்கம் 'கூப்பிட' என்று போடுவேன். கூப்பிடும் பக்கத்தில் சில கட்டங்களில் பெயர் மட்டும்தான் வரும். அதைப் பார்த்ததும் பிள்ளைகளுக்குத் திக்கென்றிருக்கும். எங்கள் லயத்தில் அண்ணனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதுகில் விழும். ஆகவே நடித்துக் காட்டும்போது டேவிட், மேரி என்று பொய்ப் பெயர் வைத்துக்கொள்கிறோம். வீட்டில் அண்ணன் அண்ணனாகவே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்புவேன்.

ஒரே ஒலிக்கு இரண்டு மொழியில் இரண்டு ஆள் என்பது இவர்களுக்குப் புதிதும் அல்ல. சிங்களப் பிள்ளை தன் அப்பாவைத் தாத்தா என்கிறது, அண்ணனை ஐயா என்கிறது. டவுனுக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர் மல்லி (தம்பி), நங்கி (தங்கச்சி) என்று கூப்பிட்டால் உடனே திரும்புகிறார்கள். அங்கே பழகிய மாதிரி இங்கேயும் பழகலாம் என்று சொன்னால் பயம் பாதி போய்விடும்.

'யூ' என்ற சொல்தான் பெரிய தடை. நீ, நீங்கள் இரண்டுக்கும் அது ஒன்றுதான் என்று தெரிந்த பிறகும், என்னைப் பார்த்து 'யூ' சொல்லப் பிள்ளைகளுக்கு வாய் வராது. 'டீச்சர் இஸ் கமிங் டுமாரோ?' என்று என்னிடமே என்னைப் பற்றிக் கேட்பார்கள். இந்த மரியாதை அழகானது, அதை மிதிக்க எனக்கு மனமில்லை. ஆனால் ஆங்கிலத்தில் மரியாதை வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று காட்ட வேண்டும். தமிழில் 'தாங்க' என்ற ஒரு 'ங்க'வில் மரியாதை முடிந்துவிடும். அதையே 'கிவ் மீ த புக்' என்று மாற்றினால் கட்டளை போட்ட மாதிரி கேட்கும். அங்கே 'குட் யூ', 'மே ஐ', 'ப்ளீஸ்', 'வுட் யூ மைண்ட்' இவற்றில்தான் மரியாதை. 'குட் யூ ப்ளீஸ் கிவ் மீ த புக், டீச்சர்?' என்று சொல்லிப் பழகிய பிள்ளைக்கு அந்த 'யூ' உறுத்துவதில்லை. 'நீங்க', 'தாங்க', 'வாங்க', 'கொஞ்சம் இருங்க' என்று தினமும் பேசும் வாக்கியங்களை எடுத்து, ஒவ்வொன்றின் 'ங்க'வையும் ஆங்கிலத்தில் எந்தச் சொல் சுமக்கிறது என்று தேடவிடுங்கள். உறவுமுறைப் பாடத்தில் நான் அதிக நேரம் செலவழிப்பது இங்கேதான்.

பாடசாலையை விட்டு நுவரெலியா ஹோட்டல்களுக்கும் எல்ல என்ற ஊர்ப் பக்கத்துத் தங்குமிடங்களுக்கும் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இது அன்றாடத் தேவை. நமக்கு வயதில் மூத்த பெண் யாராக இருந்தாலும் ஆன்டி. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் பார்க்க வரும் வெள்ளைக்காரப் பெண்ணை 'ஆன்டி' என்று கூப்பிட்டால், வயதாகிவிட்டது என்று சொல்வதாக அவர் எடுத்துக்கொள்ளக் கூடும். முன்பின் தெரியாதவரின் கவனத்தைத் திருப்ப 'எக்ஸ்க்யூஸ் மீ' போதும். வேலை இடத்தில் 'சேர்', 'மேடம்'. என்னைப் பெயர் சொல்லியே கூப்பிடு என்று விருந்தாளி சொன்னால் பெயரைச் சொல்லலாம், அது அவர் கொடுத்த அனுமதி. 'சேர்' என்று சொல்லும்போது தலையைக் குனிந்து கையைக் கட்ட வேண்டியதில்லை என்பதையும் நான் நடத்திக் காட்டுவேன். தோட்டத்துத் தொரைக்கு முன்னால் தாத்தாமார் நின்ற நிலை இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

கடைசியாக மிஸ்டர் (Mr), மிஸிஸ் (Mrs), மிஸ் (Miss), மிஸ்ஸ் (Ms). கல்யாணமானவரா என்று தெரியாத பெண்ணுக்குக் கடைசியில் சொன்னது. அதன் முடிவு அதிர்ந்து ஒலிக்கும். ஆங்கில வழக்கில் இவற்றுக்குப் பின்னால் குடும்பப் பெயர் வரும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் முன்னால் நிற்கும். பெருமாள் சிவகுமார் என்றால் ஆள் சிவகுமார், அப்பா பெருமாள். ஆகவே 'மிஸ்டர் சிவகுமார்' என்று எழுதுவதில் நமக்குள் பிழையில்லை. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று அதே ஆளுக்கு 'மிஸ்டர் பெருமாள்' என்று பதில் போட்டால் பதறவும் வேண்டாம். கடிதத்தை 'டியர் சேர்' என்று தொடங்கினால் முடிவில் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி', பெயர் போட்டுத் தொடங்கினால் 'யுவர்ஸ் சின்சியர்லி'.

அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் வயதில் இந்தப் பாடத்தை மறுபடி எடுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, பாடசாலைப் பதிவில் வேறோர் எழுத்து என்று தோட்டப் பிள்ளைகள் பலருக்கு இருக்கும். சான்றிதழைக் கொண்டுவரச் சொல்லி, பெயரையும் அப்பா பெயரையும் ஆங்கிலத்தில் எழுத்துக்கு எழுத்து அதைப் பார்த்தே எழுத வையுங்கள். வித்தியாசம் இருந்தால் உடனே வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள். பாஸ்போர்ட் எடுக்கப் போகும் நாள் வரை அதை வைத்திருக்க வேண்டாம்.